பழைய மதிப்பு எங்கே போகிறது?

டேட்டாபேஸ் டேபிளில் ஒரு வரிசையைப் புதிதாகச் சேர்க்கலாம், இருப்பதை நீக்கலாம், இருப்பதைத் திருத்தலாம். இந்த மூன்றில் திருத்துவதுதான் பார்வைக்கு ரொம்பச் சாதுவாகத் தெரிவது. எந்த டேபிள், எந்தப் புலத்துக்கு என்ன மதிப்பு, எந்தெந்த வரிசைகளில் என்று மூன்று விவரம் சொன்னால் வேலை முடிந்தது. எஸ்க்யூஎல் கற்றுக்கொடுக்கிறவர்களும் அரைமணி நேரத்தில் இதைக் கடந்துவிடுவார்கள். ஆனால் டேட்டாபேஸ் எழுதுகிறவர்களைக் கேட்டால், சேர்ப்பதும் நீக்குவதும் கொடுக்காத தலைவலியைத் திருத்துவது கொடுக்கிறது என்பார்கள். காரணம் இதுதான்: சேர்க்கும்போது பழைய மதிப்பு என்று ஒன்று கிடையாது, நீக்கும்போது புதிய மதிப்பு கிடையாது. திருத்தும்போது இரண்டும் ஒரே நேரத்தில் உண்டு. அந்தப் பழைய மதிப்பை எதுவரை உயிரோடு வைத்திருப்பது, யார் கண்ணுக்குக் காட்டுவது என்பதில்தான் சிக்கலெல்லாம் இருக்கிறது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு வாக்கியம்:

அப்டேட் ஊழியர்
செட் சம்பளம் = சம்பளம் * 1.1
வேர் சம்பளம் < 25000;

இருபத்தைந்தாயிரத்துக்குக் கீழே வாங்குகிறவர்களுக்குப் பத்து சதவீத உயர்வு. 'சம்பளம்' இதில் மூன்று முறை வருகிறது. சமக்குறிக்கு இடப்பக்கம் இருப்பது ஓர் இடம். புது எண் போய் உட்கார வேண்டிய கட்டம். வலப்பக்கம் இருப்பது அந்தக் கட்டத்தில் இப்போது இருக்கிற எண். 'வேர்' பகுதியில் இருப்பதும் இப்போது இருக்கிற எண்தான். ஆக, ஒரு முறை எழுதுகிறோம், இரண்டு முறை படிக்கிறோம். படிப்பதெல்லாம் பழையதைத்தான் என்பது விதி.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்று பார்க்கக் கொஞ்சம் பின்னே போக வேண்டும். 1970-இல் ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்திலிருந்து எட்கர் காட் தன் உறவுமுறை மாதிரியை வெளியிட்டார். அதற்கு முந்தைய முறைகளில் நிரல் எழுதுகிறவர் பதிவுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு நடந்தாக வேண்டும். எந்தப் பதிவுக்கு அடுத்து எது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். காட் அதை மாற்றினார். டேபிள் என்பது ஒரு கணம். அதன் உறுப்புகளுக்குள் முன் பின் கிடையாது. எது வேண்டும் என்று சொல்லுங்கள், எப்படி எடுப்பது என்பதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்பது அவர் வாதம். அதே கூடத்தில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974-இல் இதற்கொரு மொழி வகுத்தார்கள். சீக்வெல் என்ற பெயரில் பிறந்து, வணிகமுத்திரைத் தகராறால் எஸ்க்யூஎல் ஆன மொழி அது.

வரிசைகளுக்குள் முன் பின் இல்லை என்றால், எதை முதலில் திருத்தினாலும் முடிவு ஒன்றாகவே இருக்க வேண்டும். அப்படி இருக்க ஒரே வழி, வாக்கியம் தொடங்கிய கணத்தில் டேபிள் எப்படி இருந்ததோ அதை வைத்தே எல்லாக் கணக்கையும் போடுவது. ஒரு வரிசைக்குள்ளேயும் இதே நியாயம்தான். 'செட் அ = ஆ, ஆ = அ' என்று எழுதினால் இரண்டு புலங்களும் இடம் மாறிக்கொள்ளும்; நடுவில் தற்காலிக மாறி எதுவும் தேவையில்லை. சி, ஜாவா பழகியவர்களுக்கு இது முதலில் நம்பக் கடினம். மைஎஸ்க்யூஎல் மட்டும் இங்கே தனி வழி போகிறது. ஒற்றை டேபிளைத் திருத்தும்போது அது இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவதால், இரண்டு புலங்களிலும் 'ஆ'வின் மதிப்பே வந்து நிற்கும். தரநிலைக்கு மாறானது இது. அவர்கள் கையேட்டில் சொல்லியிருக்கிறார்கள் என்பதால் பிழை என்று புகார் செய்யவும் முடியாது.

விதியைத் தாளில் எழுதுவது எளிது. இயந்திரத்தை அதற்குக் கட்டுப்பட வைப்பது எவ்வளவு கடினம் என்பது 1976-இல் வெளிப்பட்டது. சான் ஹோசேயில் காட் சொன்னதை நடைமுறையில் செய்துகாட்ட சிஸ்டம் ஆர் என்ற ஆய்வுத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. சேம்பர்லின், பாட் செலிங்கர், மார்ட்டன் ஆஸ்ட்ரஹான் மூவரும் அதில் இருந்தார்கள். இருபத்தைந்தாயிரம் டாலருக்குக் குறைவாகச் சம்பளம் வாங்கும் எல்லோருக்கும் பத்து சதவீத உயர்வு என்ற கட்டளையை ஓட்டினார்கள். மேலே நான் எழுதிய வாக்கியம் அதே கணக்குதான். கட்டளை பிழைச்செய்தி எதுவுமில்லாமல் ஓடி முடிந்தது. டேபிளைத் திறந்து பார்த்தால், இருபத்தைந்தாயிரத்துக்குக் குறைவாக வாங்குகிற ஆள் ஒருவர்கூட இல்லை.

நடந்ததை மூன்று கற்பனை ஊழியர்களை வைத்துப் பார்க்கலாம். ஒருவர் சம்பளம் 10,000, இரண்டாமவர் 20,000, மூன்றாமவர் 24,000. சம்பளப் புலத்துக்கு ஓர் இண்டெக்ஸ் இருக்கிறது. சம்பளம் ஏறுமுகமாக அடுக்கப்பட்ட பட்டியல் அது. 25,000-க்குக் கீழே யார் என்று தேட அதைவிடத் தோதான வழி இல்லை என்று சிஸ்டம் ஆர் அதைத் தேர்ந்தெடுக்கிறது. பட்டியலின் தொடக்கத்தில் 10,000 இருக்கிறது. எடுத்து 11,000 ஆக்குகிறது. சம்பளம் மாறியதால் இண்டெக்ஸில் அவருடைய இடமும் மாறியாக வேண்டும். பழைய இடத்திலிருந்து எடுத்து 11,000 இருக்க வேண்டிய இடத்தில் வைக்கிறது. அந்த இடம் தேடல் இன்னும் போய்ச் சேராத பகுதி. ஓர் அடி நகர்ந்ததும் அதே ஆள் மறுபடி எதிரே வருகிறார்; 11,000 என்பது 25,000-க்குக் குறைவு; ஆகவே 12,100. பந்தியில் இலையில் வாங்கிக்கொண்டவர் எழுந்து நாலு இலை தள்ளிப் போய் உட்கார்ந்தால், பரிமாறுகிறவர் அங்கே வரும்போது மறுபடியும் போடுவாரல்லவா, அப்படி. 13,310, 14,641 என்று ஏறிப் பத்தாவது முறை 25,937 ஆனபிறகுதான் அவர் நிபந்தனைக்கு வெளியே போகிறார். 20,000 வாங்கியவர் மூன்று உயர்வில் 26,620-க்குப் போய் நின்றார். மூன்றாமவருக்கு மட்டும் நியாயமாக ஒரே உயர்வு: 26,400. முதலாளிக்குத்தான் நட்டம், மூவரில் யாரும் புகார் செய்திருக்க மாட்டார்கள்.

இதைக் கண்டது அக்டோபர் 31, ஹாலோவீன் நாள். அதனால் இன்றுவரை 'ஹாலோவீன் பிரச்சினை' என்றே பாடநூல்களில் வருகிறது. பேய் பிசாசுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, காலண்டர்தான் காரணம். தீர்வு கேட்க எளியது: யார் யாரைத் திருத்த வேண்டும் என்ற பட்டியலை முதலில் முழுதாக எடுத்து ஒதுக்கி வை, அதன்பிறகு திருத்து. எஸ்க்யூஎல் சர்வரின் செயல்திட்டத்தைப் படமாகப் போட்டுப் பார்க்கிறவர்கள் சில அப்டேட்டுகளில் 'ஈகர் ஸ்பூல்' என்றொரு பெட்டி நடுவில் நிற்பதைக் கவனித்திருக்கலாம். வேகத்தைக் குறைக்கிறதே, இதை ஏன் போட்டான் என்று எரிச்சல் வரும். பத்து உயர்வு கிடைக்காமல் தடுப்பது பல நேரங்களில் அந்தப் பெட்டிதான்.

போஸ்ட்கிரஸ் வேறு வழியில் இதே இடத்துக்கு வருகிறது. அங்கே திருத்தப்பட்ட வரிசை என்பது உண்மையில் இன்னொரு வரிசை. அதை உண்டாக்கிய கட்டளையின் கண்ணுக்கே அது தெரியாது; ஓடிக்கொண்டிருக்கும் கட்டளை, தான் தொடங்கியபோது இருந்ததை மட்டுமே காணும். ஆனால் அதே போஸ்ட்கிரஸில் 'செட் எண் = எண் + 1' என்று வரிசை எண்களை ஒன்று தள்ளப் பாருங்கள். எண் தனித்ததாக இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தால் பெரும்பாலும் பாதியில் முறிந்துபோகும். 1 என்பது 2 ஆகும் கணத்தில் பழைய 2 இன்னும் நகரவில்லை; கட்டுப்பாட்டை ஒவ்வொரு வரிசைக்கும் அப்போதைக்கப்போதே சோதிப்பதால், இறுதி நிலை சரியாகவே இருக்கும் என்றாலும் நடுவழியில் மோதிவிடுகிறது. கட்டுப்பாட்டைத் தள்ளிப்போடத்தக்கதாக அறிவித்திருந்தால்தான் கடைசியில் சோதிக்கும். ஆரக்கிளில் இந்தத் தொல்லை இல்லை. வாக்கியம் முடிந்தபிறகே பார்க்கிறது.

'வேர்' பகுதியைப் பற்றி எல்லோரும் சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு: அதை எழுத மறந்தால் டேபிள் முழுக்க மாறிவிடும். மைஎஸ்க்யூஎல்லின் கட்டளைவரிக் கருவியில் இதைத் தடுக்க ஒரு விருப்பம் இருக்கிறது. 'சேஃப்-அப்டேட்ஸ்' என்பது அதன் கௌரவமான பெயர். 'ஐ-ஆம்-அ-டம்மி' என்று இன்னொரு பெயரும் அதிகாரபூர்வமாகவே உண்டு. தன்னை மண்டு என்று ஒப்புக்கொண்டு உள்ளே போக அனுபவசாலிகள் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்படக் கூடாது என்பது என் கட்சி.

மறப்பதைவிட மோசமானது, எழுதியும் தவறாகப் போவது. ஒரு மொத்தவியாபாரியின் பொருள் டேபிள். புதிய விலைப்பட்டியல் இன்னொரு டேபிளில் வந்திருக்கிறது. விலையை அங்கிருந்து எடுத்துப் போட வேண்டும்:

அப்டேட் பொருள்
செட் விலை = (செலக்ட் பு.விலை ஃப்ரம் புதுவிலை பு வேர் பு.குறியீடு = பொருள்.குறியீடு);

உள்ளே ஒரு 'வேர்' இருக்கிறது. கண் அதைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடும். ஆனால் அது எந்த விலையை எடுப்பது என்பதற்கான நிபந்தனை. எந்தப் பொருளைத் திருத்துவது என்பதற்கு வெளியே நிபந்தனையே இல்லை. புதுப் பட்டியலில் இல்லாத பொருள்களுக்கு உள்வினவல் எதையும் தராது. எதையும் தராதது நல், அதாவது மதிப்பில்லாத வெறுமை, ஆகிவிடும். விலை மாறாத பொருள்களெல்லாம் விலையே இல்லாத பொருள்கள் ஆகும். வெளியே இன்னொரு 'வேர் எக்ஸிஸ்ட்ஸ்' தேவை. போஸ்ட்கிரஸும் எஸ்க்யூஎல் சர்வரும் 'அப்டேட் ... ஃப்ரம்' என்று இரண்டு டேபிளையும் இணைத்து எழுத விடுவதால் இந்தக் குழி அங்கே இல்லை. பதிலுக்கு வேறொன்று இருக்கிறது. புதுப் பட்டியலில் ஒரே குறியீடு இரண்டு விலையோடு வந்திருந்தால், இரண்டில் ஏதோ ஒன்றைச் சத்தமில்லாமல் எடுத்துப் போட்டுவிடும். எதை என்று உறுதி கிடையாது. முந்தைய முறையில் எழுதியிருந்தால் 'ஒன்றுக்கு மேல் வரிசை வருகிறது' என்று பிழை காட்டி நின்றிருக்கும். எனக்கு நிற்பதுதான் பிடிக்கும்.

நல்லைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். 'வேர் மாவட்டம் <> 'மதுரை'' என்றால் மதுரை அல்லாத எல்லாம் என்று தோன்றும். மாவட்டம் நிரப்பப்படாத வரிசைகள் அதில் வராது. தெரியாத ஒன்று மதுரைக்குச் சமமா இல்லையா என்ற கேள்விக்குப் பதிலும் 'தெரியாது'. 'ஆம்' என்று பதில் வருகிற வரிசையை மட்டுமே அப்டேட் தொடும்.

இதுவரை பேசியது ஒருவர் மட்டும் டேபிளைத் தொடும் கதை. இருவர் ஒரே நேரத்தில் தொட்டால் பழைய மதிப்பு என்பதற்கு இரண்டு சொந்தக்காரர்கள் வந்துவிடுகிறார்கள். கையிருப்பு 40 பெட்டி. ஒரு கவுன்டரில் 3 விற்கிறது, அடுத்ததில் 5. இரண்டு நிரல்களும் முதலில் 40 என்று படிக்கின்றன. ஒன்று கழித்து 37 என்று எழுதுகிறது. மற்றது கழித்து 35 என்று எழுதுகிறது. பின்னால் எழுதியது நிற்கும். கிடங்கில் 32 பெட்டி இருக்க, டேபிள் 35 என்கிறது. இரண்டு கட்டளைகளுமே தனித்தனியாகப் பார்த்தால் குற்றமற்றவை. படித்ததற்கும் எழுதியதற்கும் நடுவே பழைய மதிப்பு ஆறிப்போனதுதான் கோளாறு.

'செட் கையிருப்பு = 37' என்று கணக்கை வெளியே போட்டு விடையைக் கொண்டுவருவதற்குப் பதிலாக, 'செட் கையிருப்பு = கையிருப்பு - 3' என்று கணக்கையே உள்ளே அனுப்பினால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். முதலில் வந்தவர் அந்த வரிசையைப் பூட்டுகிறார், இரண்டாமவர் காத்திருக்கிறார். பூட்டு அவிழ்ந்ததும் என்ன செய்வது என்பதில் டேட்டாபேஸ்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. போஸ்ட்கிரஸின் இயல்பு நிலையில், காத்திருந்தவர் அந்த வரிசையின் புதிய வடிவத்தை எடுத்து நிபந்தனையை மறுபடி சோதித்து, இன்னும் பொருந்தினால் அதிலிருந்து கழிக்கிறார். 'வேர் கையிருப்பு >= 5' என்று சேர்த்திருந்தால் இருப்பு இல்லாதபோது எதுவும் நடக்காது. இதைவிடக் கண்டிப்பான தனிமை நிலையைக் கேட்டிருந்தால், நீ பார்த்த பழையது இப்போது செல்லாது என்று அவருடைய கட்டளையைப் பிழையோடு திருப்பி அனுப்பும். நிரல் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

திரையில் ஒருவர் படிவத்தைத் திறந்துவைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விடும் இடங்களில் பூட்டு போடுவது நடக்காத காரியம். அங்கே வரிசையிலேயே பதிப்பு எண் என்று ஒரு புலம் வைப்பார்கள். 'செட் முகவரி = ..., பதிப்பு = 8 வேர் எண் = 512 அண்ட் பதிப்பு = 7'. நடுவில் வேறு யாராவது திருத்தியிருந்தால் பதிப்பு 7 ஆக இருக்காது. பூஜ்யம் வரிசை மாறியது என்று பதில் வரும். அந்தப் பூஜ்யத்தைப் பார்க்காமல் 'சேமிக்கப்பட்டது' என்று பச்சை எழுத்தில் காட்டும் மென்பொருள்களுக்குப் பஞ்சமில்லை.

இனி வட்டுக்குப் போவோம். மாற்றம் உறுதியாகும்வரை பழைய மதிப்பை எங்கேயாவது வைத்தாக வேண்டும்: மனம் மாறி ரோல்பேக் சொன்னால் திரும்ப வேண்டும், அதுவரை படிக்க வருகிற மற்றவர்களுக்குப் பழையதைக் காட்ட வேண்டும். ஆரக்கிளும் மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபியும் புதியதை இருந்த இடத்திலேயே எழுதிவிட்டு, பழையதை அன்டு என்ற தனிப் பகுதிக்கு அனுப்புகின்றன. போஸ்ட்கிரஸ் நேர் எதிர். பழையது இருந்த இடத்திலேயே இருக்கும். இந்தப் பரிவர்த்தனையோடு இதன் ஆயுள் முடிந்தது என்று அதன் தலையில் குறித்துவிட்டு, புதிய வரிசையை இன்னோர் இடத்தில் முழுதாக எழுதும். மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1980-களில் பெர்க்லியில் இதை வடிவமைத்தபோது, மேலெழுதுவதே வேண்டாம் என்பது கொள்கையாகவே இருந்தது.

கொள்கைக்கு விலை உண்டு. ஒரு கோடி வரிசை உள்ள டேபிளில் எல்லாவற்றிலும் ஒரு புலத்தை மாற்றினால், ஒரு கோடி செத்த வரிசைகள் டேபிளுக்குள்ளேயே கிடக்கும். வேக்யூம் என்ற துப்புரவு வேலை வந்து அந்த இடங்களை மறுபயன்பாட்டுக்கு விடுவிக்க வேண்டும். எவரோ காலையில் ஒரு பரிவர்த்தனையைத் திறந்து மூடாமல் விட்டிருந்தால், அவர் பழையதைக் கேட்கக்கூடும் என்பதால் வேக்யூமும் கை வைக்காது. மதிப்பு ஏற்கெனவே அதுதான் என்றாலும் போஸ்ட்கிரஸ் புது வடிவம் எழுதவே செய்யும். மைஎஸ்க்யூஎல் 'பொருந்தியது 1, மாறியது 0' என்று சொல்லி விட்டுவிடும். ஆகவே போஸ்ட்கிரஸில் பெரிய திருத்தம் செய்கிறவர்கள், உண்மையிலேயே மாறப்போகிற வரிசைகளுக்கு மட்டும் என்று நிபந்தனையில் சேர்ப்பதும், சில ஆயிரம் சில ஆயிரமாகப் பிரித்து ஓட்டுவதும் வழக்கம். 2008-இல் வந்த 8.3 பதிப்பு ஓரளவு நிவாரணம் தந்தது: இண்டெக்ஸ் உள்ள புலம் எதுவும் மாறாமல், அதே எட்டு கிலோபைட் பக்கத்தில் இடமும் இருந்தால், இண்டெக்ஸ்களைத் தொடாமலே புதிய வடிவத்தைப் பழையதோடு சங்கிலியாகக் கோத்துவிடும். அதற்கு இடம் வேண்டும் என்றே பக்கங்களை முழுக்க நிரப்பாமல் விடுகிறவர்கள் உண்டு.

நடுவில் மின்சாரம் போனால்? வட்டில் பாதி வரிசைகள் புதியவை, பாதி பழையவை. இதற்கான பதில்களில் மிகவும் செல்வாக்குப் பெற்றது, தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஐஐடியில் படித்து ஐபிஎம்முக்குப் போன சி. மோகன் தன் சகாக்களோடு 1992-இல் வெளியிட்ட ஏரீஸ் முறை. டேட்டாவைத் தொடுவதற்கு முன் லாக் என்ற பதிவேட்டில் எழுது என்பது அதற்கு முன்பே இருந்த விதி. ஒவ்வொரு திருத்தத்துக்கும் லாகில் இரண்டு விவரம்: புதியதை மறுபடி உண்டாக்க ஒன்று, பழையதற்குத் திரும்ப ஒன்று. இயந்திரம் உயிர்பெற்றதும் ஏரீஸ் செய்வது முதல் பார்வைக்கு விசித்திரமானது. உறுதியாகாமல் போன திருத்தங்களையும் சேர்த்து, விழுந்த கணம்வரை நடந்தது அத்தனையையும் மறுபடி நடத்துகிறது. அதன்பிறகே உறுதியாகாதவற்றை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி எடுக்கிறது. அப்படி எடுத்ததையும் லாகில் எழுதிவைக்கிறது. மீட்கும்போதே மறுபடி மின்சாரம் போனாலும், ஒருமுறை திருப்பியதை இரண்டாம் முறை திருப்பிக் குழப்பாது. போஸ்ட்கிரஸுக்கு இந்தப் பின்னோக்கிய பயணமே தேவைப்படுவதில்லை. பழையது டேபிளிலேயே கிடக்கிறது. உறுதியாகாத புதியதை யாரும் பார்க்காமல் விட்டால் போதும்.

மாற்றம் உறுதியாகி கமிட் ஆனபிறகு கணக்கு மாறிவிடும். பழைய மதிப்புக்குச் சட்டப்படி உரிமையாளர் யாரும் இல்லை, இருக்கிறவரை இருக்கும். ஆரக்கிளில் அன்டு பகுதி மேலெழுதப்படாதவரை, குறிப்பிட்ட நேரத்தில் டேபிள் எப்படி இருந்தது என்று கேட்டுப் பார்க்கலாம். அதைக் காத்துவைக்கும் இலக்கின் இயல்பு அளவு 900 விநாடி. எஸ்க்யூஎல் சர்வரில் 2016 பதிப்பிலிருந்தும் மரியாடிபியில் 10.3-இலிருந்தும், ஒவ்வொரு திருத்தத்தின்போதும் பழைய வரிசையைக் காலமுத்திரையோடு தானே ஒதுக்கிவைக்கும் டேபிள்களை அமைக்கலாம். முன்கூட்டியே அமைத்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அமைக்கவில்லை என்றால் நேற்றிரவின் பேக்அப்பை வேறொரு சர்வரில் விரித்து, கெட்டுப்போன புலத்தை மட்டும் ஒரு தற்காலிக டேபிளாகக் கொண்டுவந்து, குறியீட்டை வைத்து இணைத்து இன்னொரு அப்டேட் எழுத வேண்டியதுதான். அதற்கு வெளியே ஒரு 'வேர்' வேண்டும்: இடைப்பட்ட நேரத்தில் முறையாகத் திருத்தப்பட்ட வரிசைகளைத் தொடக் கூடாது. அவை எவை என்று பிரித்துக் காட்ட டேபிளில் திருத்திய நேரம் என்றொரு புலம் இருந்தால், வேலை மதியச் சாப்பாட்டுக்குள் முடியும்.